இரண்டு மூடிகள்

குப்பை வண்டியின் மேலே பச்சை மூடி ஒன்று, நீல மூடி ஒன்று. மக்கும் குப்பை பச்சையில், மக்காதது நீலத்தில். போன வாரம் ஜெசிந்தாவின் நீல வாளியை வாங்காமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். எண்ணெய் கவரில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்ததாம். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு கவரையும் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளைகளின் யூனிபார்முக்குப் பக்கத்தில் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள்.

இன்று வண்டியோடு மாநகராட்சி அதிகாரியும் வந்தார். திட்டத்தை மேம்படுத்தப் போகிறார்களாம். இனிமேல் சிவப்பு வாளியும் உண்டு, பிரிக்காத வீட்டுக்கு அபராதமும் உண்டு என்று தெரு ஆட்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

ஜெசிந்தா காய்ந்த கவர்களை நீல மூடிக்குள் திணித்தாள். விரலில் யார் வீட்டுச் சாம்பார் சோறோ பிசுபிசுத்தது. கையை உள்ளேயே பக்கவாட்டில் நீட்டிப் பார்த்தாள். நடுவில் தடுப்பே இல்லை. பச்சை மூடியைத் திறந்து மற்றக் கையையும் தோள்வரை விட்டாள். உள்ளே இரண்டு கைகளும் சந்தித்துக்கொண்டன.

"என்னம்மா பண்றீங்க? கையை எடுங்க," என்றார் அதிகாரி.

"எந்தக் கையை சார்? பச்சையில இருக்கிறதையா, நீலத்துல இருக்கிறதையா?"

டிரைவர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த சுகாதாரப் பாட்டை நிறுத்தினார். அடுத்த தெருவில் ஆட்கள் வாளிகளோடு காத்திருந்தார்கள். ஜெசிந்தா உள்ளே விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள்.