ஜூன் மாதக் குதிரை

தொல்லியல் அலுவலகத்து யின் டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குதிரையைக் கையில் எடுத்தபோது சுரங்கத் தொழிலாளி கோங் கூட்டத்துக்குள் ஓரடி பின்வாங்கினார்.

ஒரு சாண் உயர மண் குதிரை. ஒரு காது இல்லை. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய குழியில் பொக்லைனை நிறுத்திவிட்டு நாற்பது பேர் சுற்றி நின்றார்கள்.

சீனாவின் சிஆன் நகரத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. இங்கே வெங்காயம் நடக் குழி தோண்டினாலும் ஏதோ ஒரு மந்திரியின் மண்டை தட்டுப்படும் என்பார்கள். பழைய ஓட்டுச் சில்லு தெரிந்தால்கூட வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்; அங்கிருந்து வருகிறவர்களை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மற்றபடி எதற்கும் நிற்காது. அக்டோபர் முதல் தேதி ரயில் ஓடியே ஆகவேண்டும். நிலாவுக்கு ராக்கெட் விடும் தேசத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு நாள் லீவு கிடையாது. செத்து ஈராயிரம் வருடமான ஒருவன் குறுக்கே படுத்தால்தான் உண்டு.

கோங் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

நாளை மறுநாள், ஜூன் ஏழாம் தேதி, மகள் மியாவ்சினுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு; நாடு முழுக்க அன்றைக்குத்தான். சொந்த ஊரான ஹுய்னிங்கில் அன்றைக்குப் பெற்றவர்கள் எல்லாரும் விடிந்ததுமே பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். தாயில்லாத பெண் அவள். தகப்பனோ பதினோரு வருடமாக ஊர் ஊராகச் சுரங்கம் தோண்டுகிறார்; அந்த வாசல் எந்தத் திசையைப் பார்த்தது என்றுகூட அவருக்குத் தெரியாது.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. வாசல்ல நின்னா போதும்” என்று போனில் சொல்லியிருந்தாள்.

மூன்று முறை லீவு கேட்டார். மேஸ்திரி லூ மூன்று முறையும் சிரித்தான்.

பிறகுதான் போலிச் சாமான் விற்கும் சந்துக்குப் போய் இந்தக் குதிரையை வாங்கினார். காதைத் தானே உடைத்தார். பழையதாகத் தெரிய, டீத்தண்ணீரில் போட்டு மூன்று முறை கொதிக்கவைத்தார். நேற்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் குழியில் புதைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகத்தான் காலைவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

யின் டீச்சர் குதிரையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

“யார் கண்ணுல பட்டுச்சு?”

லூ கோங்கை முன்னால் தள்ளினான். “இந்தப் பெருசுதான் டீச்சர். பாம்பு வந்தாக்கூடத் தெரியாது, இன்னிக்குக் குதிரை தெரிஞ்சிருக்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எந்த ஊருண்ணே?”

“ஹுய்னிங்.”

“பொண்ணா, பையனா?”

கண்டுபிடித்துவிட்டாள் என்று கோங்குக்குப் புரிந்தது. வேலை போகும், போலீஸ்கூட வரும். ஆனால் பெற்ற மகளை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“பொண்ணு” என்றார்.

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் படிவத்தை எடுத்து எழுதினாள். பிறகு லூவிடம், “ஹான் ராஜாக்கள் காலமா இருக்கலாம், ரெண்டாயிரம் வருஷம். நாலு நாளைக்கு யாரும் இந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது” என்றாள்.

லூ தலையில் அடித்துக்கொண்டான்.

குதிரையைப் பெட்டியில் வைத்து வேன்வரை தூக்கி வரச் சொன்னாள். கோங் பின்னாலேயே நடந்தார். தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் வேனின் பின்கதவைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு குதிரைகள், ஒரு ஒட்டகம், தலையில்லாத ஒரு சிப்பாய், மூக்குடைந்த ஒரு கூஜா. வேன் முழுக்க டீ வாசனை.

“ஜூன் பொறந்தா இந்த மண்ணுல இப்படித்தான் முளைக்குது” என்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

“உங்க ஊருக்கு ரெண்டு மணிக்கு ஒரு வண்டி இருக்கு, ஓடுங்கண்ணே. மத்த அப்பாங்கல்லாம் காலையிலேயே கிளம்பிட்டாங்க.”