நாலு விரல் நீட்டம்

ஊர்வல பேண்டு முழுவதும் ஒன்றாய்ச் சேர்ந்து முடிக்கும் கடைசி ஒலியில், எபநேசர் மட்டும் டிரம்போன் குழாயை நாலு விரல் கூடுதலாக நீட்டி அரைச்சுரம் தாழ்த்தி ஊதுவார். பாட்டு அப்படித்தான் முடிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றும்.

"செவிட்டு மூதி" என்பார் பேண்டு மாஸ்டர் தவமணி, எல்லோர் முன்னாலும்.

பேண்டு போட்டியின் முதல் சுற்றில் நடுவர் எழுந்து நின்றுவிட்டார். "அந்த முடிவு நெஞ்சைப் பிசைஞ்சிட்டு. யாரு யோசிச்சது?"

"நான்தான் சார்" என்றார் மாஸ்டர்.

இறுதிச் சுற்றுக்கு முன் எபநேசரின் தோளில் கை போட்டார். "ஏல, அதே மாதிரி ஊதிரு. மறந்துராத."

"சரி மாஸ்டர்."

கடைசி ஒலிக்கு மாஸ்டர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். எபநேசர் குழாயை நாலு விரல் உள்ளே இழுத்து, மாஸ்டர் இத்தனை வருடமாகத் திட்டித் திட்டி ஊதச் சொன்ன சுரத்தையே ஊதினார்.