மணலில் போட்ட வீடு

எம். புதுப்பட்டிக்குக் கிழக்கே, காலை வெயில் சாய்ந்து விழும் வெற்று மனையில், முனியசாமிக் கொத்தனார் குந்தியிருந்து கரணை நுனியால் ஈர மணலில் ஒரு வீடு போடுகிறார். புருஷன் போனபின் தனக்கென்று வீடு கட்டும் பஞ்சம்மாள் குனிந்து பார்க்கிறாள். தானிய அறைச் சுவருக்குள் கரணை சின்னதாக ஒரு சதுரம் கீறுகிறது. "நகைக்கு இது. பூசிட்டா வெறும் சுவருதான் தெரியும்" என்கிறார் தணிந்த குரலில். தூரத்துப் பட்டாசுக் கம்பெனியில் சோதனை வெடி படபடத்து அடங்க, பின்னாலேயே சைக்கிள் மணி கேட்கிறது. கொழுந்தன் கருப்பணன் வருகிறார். சதுரத்தை மட்டும் அழித்தால் அந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனாரின் அகன்ற உள்ளங்கை ஒரே வீச்சில் வீடு முழுவதையும் மணலாக்குகிறது. பஞ்சம்மாளின் விரல்கள் முந்தானையை இறுக்குகின்றன. "என்ன கொத்தனாரே, நான் வரவும் அழிக்கிறீரு? எங்க மதினி வீட்டை நான் பாக்கக் கூடாதாக்கும்?" கொத்தனார் நிதானமாகக் கையிலுள்ள மணலைத் தட்டுகிறார். "போன வருசம் ஒங்க வீட்டையும் நாந்தான கட்டுனேன் மொதலாளி. எந்தச் சுவத்துல என்ன இருக்குன்னு இந்தம்மாகிட்டச் சொல்லிரவா?" கருப்பணன் மதினியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்புகிறார். சக்கரத்தின் புழுதி அடங்குவதற்குள் பஞ்சம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டே வந்து குந்துகிறாள். "அங்கன அப்படி என்னதான் வச்சிருக்காக?" கரணை மறுபடி மணலில் இறங்கி முதல் கோட்டை இழுக்கிறது. கொத்தனார் தலை நிமிரவில்லை. "அடுப்படிச் சன்னலு எந்தப் பக்கம் வைக்கணும்மா?"