நாற்பதாவது விரல்

"நாப்பது பேருக்கும் ஒரே வியாதியா? இன்னா டாக்டரம்மா, வெளையாடறீங்களா?"

கம்பெனி நர்ஸ் லீலா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்பிலிருந்து இறக்கிய மைக்ராஸ்கோப் பெட்டியை முதலுதவி அறை மேசைமேல் வைத்தாள்.

"நான் இன்னும் டாக்டர் ஆகலை சிஸ்டர். ஃபைனல் இயர்தான். ரத்தப் பிரிவுல ஒரு மாசம் போஸ்டிங் வேணும்னு நானே கேட்டு வாங்கிண்டேன்."

"கேட்டு வாங்கி இப்டியா மாட்டிப்பீங்க?"

மாட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரகடம் சாலையில் இருந்த அந்த பெயின்ட் கம்பெனி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தன் ஆட்களின் ரத்தத்தைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். லீலாதான் ஆளுக்கு ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, ஓரத்தில் பெயர் எழுதிக் கொடுத்து அனுப்புவாள். 8.2.91 என்று தேதி போட்டு வந்த நாற்பது ஸ்லைடுகளும் வசுதாவின் தலையில் விழுந்தன. முதல் ஸ்லைடிலேயே ரத்தப் புற்றுநோய். ஐயோ பாவம் என்று அடுத்ததை வைத்தாள். அதிலும் அதுவே. மூன்றாவதிலும். நாற்பதுவரை கண்ணாடியில் பெயர் மட்டும்தான் மாறியது. உள்ளே அதே முதிராத பெரிய அணுக்கள், அதே கூட்டம். ஸ்லைடுகளை அள்ளிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள்.

அவர் நம்பவில்லை. "ஆறு மாசம் முன்னாடி நாற்பதும் நார்மல். ஸ்லைடுக்குப் போடற சாயத்துல ஏதோ கோளாறு. நீயே போய் உன் கையால குத்திப் பாரு" என்று விரட்டிவிட்டார்.

"ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்கோ சிஸ்டர்."

வந்தார்கள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஊசி என்றால் ஒரு முணுமுணுப்பாவது கேட்க வேண்டாமா? தின்னர் நெடியோடு ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்து, விரலை நீட்டிவிட்டு, வராந்தாவில் போய் நின்றுகொண்டார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வசுதாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

லீலா ஒவ்வொரு ஸ்லைடுக்கும் சாயம் ஊற்றி, கழுவி, உலர்த்திக் கொடுத்தாள். நல்ல சுத்தமான கைவேலை.

"ஏன் டாக்டரம்மா, அந்த வியாதி வந்தா எத்தினி நாளு தாங்கும்?"

"இந்த வகை ரொம்ப வேகம். சும்மா விட்டா ரெண்டு, மூணு மாசம்."

"வைத்தியம் பண்ணா?"

"உடனே ஆரம்பிச்சா பொழைக்க வழி இருக்கு. தள்ளிப்போட்டா கஷ்டம்."

லீலா அடுத்த ஸ்லைடை நீட்டினாள். "இது சின்னப்பையன்னு பேரு உள்ளவரோடது. பாருங்க."

தின்னர் நெடியை மூச்சில் இழுத்தே சின்னப்பையனுக்கு வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன. அவனுக்கு முன்னால் பார்த்த இருபது பேருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் புற்று அணு என்று ஒன்றுகூட இல்லை. வசுதா சட்டென்று நிமிர்ந்தாள்.

"சிஸ்டர், போன வாரம் வந்தது இவங்க ரத்தமே இல்லை! யாரோ ஒரே ஆள் நாற்பது பேருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கான். நீங்கதானே எடுத்தேள், யாரோடது?"

லீலா குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். வரிசையில் கடைசியாக நின்ற நாகப்பன்தான் வாயைத் திறந்தான்.

"போன வருசம் ரத்தம் செரியில்லன்னு ரிப்போர்ட் வந்து, ஆறு பேர வூட்டுக்கு அனுப்சிட்டாங்கம்மா. எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க. அதுக்கப்பறம் ஒரு நல்ல ரத்தமா பாத்து அனுப்பிக்கினு கீறோம்."

"அது நல்ல ரத்தம் இல்லை! அதுலதான் புற்றுநோய் இருக்கு. யார் அது?"

நாகப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

வசுதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவைப் பார்த்துக் கத்தினாள். "உங்கள்ல ஒருத்தர் செத்துண்டு இருக்கார்! வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். இன்னிக்கே அட்மிட் பண்ணணும். சொல்லித் தொலையுங்களேன்!"

சரி, சொல்லாவிட்டால் போகட்டும். விரலை ஒளிக்க முடியாதே என்று வசுதா மிச்ச ஸ்லைடுகளைப் பார்த்துத் தள்ளினாள். முப்பது. முப்பத்தைந்து. ஒன்றிலும் இல்லை. முப்பத்தொன்பதும் முடிந்தது. பாக்கி நாகப்பன்தான். அவனேதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இல்லாவிட்டால் ஏன் அப்படி வெளுத்துப் போக வேண்டும்? அவன் விரலைக் குத்தி, ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

நாகப்பனின் ரத்தத்திலும் அது இல்லை.

நாற்பது பேர், நாற்பது விரல். போன வாரத்து ரத்தத்துக்கு மட்டும் உடம்பே இல்லை. வெளியே ஷிஃப்ட் சங்கு ஊதியது. ஒருவரும் லைனுக்குத் திரும்பவில்லை. நாகப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"இன்னும் யாராவது இருக்காங்களா சிஸ்டர்? வாட்ச்மேன், கேன்டீன் ஆள், யாராவது?"

லீலா சாயப் புட்டியை இறுக மூடினாள். மேசையைச் சுற்றி வந்து, அந்த நாற்பது பேரும் உட்கார்ந்து எழுந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"போன வாரம் நாப்பதுக்கும் எடது கையிலயே குத்திக்கினேன், இன்னும் ஆறல" என்றாள். "இந்தத் தபா வலது கையில குத்துங்க டாக்டரம்மா."