படத்துக்குக் கீழே

அச்சுக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அருங்காட்சியகத்தின் மூன்று அறைகளையும் இரண்டு சுற்று சுற்றிவிட்டார். சுவர் நிறைய முகங்கள். எல்லாம் ஓவியர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறியவை. அத்தனையையும் காகிதத்தில் அச்செடுத்தது இவர். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஓவியர் பெயர் இருந்தது, உட்கார்ந்து போஸ் கொடுத்தவர் பெயர் இருந்தது, படத்தை இரவல் தந்த புண்ணியவான் பெயர்கூட இருந்தது. இவர் பெயர் மட்டும் மருந்துக்கும் இல்லை. யாருக்குத்தான் வயிறு எரியாது?

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று அடக்கிவிட்டு, கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

பட்டியல் ஓவியர் கொடுத்தது, அதில் இருப்பதைத்தான் எழுதினோம் என்றார் அந்தம்மா.

வந்ததே கோபம் இவருக்கு.

“முப்பது வருஷம்மா. அவர் பாட்டுக்குக் கீறிட்டுப் போயிடுவாரு. அந்த அச்சு மெஷினோட இரும்புச் சக்கரத்தைச் சுத்திச் சுத்தி என் தோள்பட்டையே கழண்டு போச்சு. நான் என்ன, அங்கே ஈ ஓட்டிக்கிட்டா உக்காந்திருந்தேன்? கூட நின்னு உழைச்சவன் பேரை ஒரு வரி எழுதினா கையா ஒடிஞ்சிடும்?”

சத்தம் கேட்டுக் காவலாளி எட்டிப் பார்த்தார். அந்தம்மாவின் முகம் சுண்டிவிட்டது. தப்புதான், நாளைக்கே எல்லா அட்டையையும் மாற்றிவிடுகிறோம் என்று மன்னிப்புக் கேட்டு, பெயரையும் எழுதிக்கொண்டார். அச்சுக்காரருக்கு அப்புறம்தான் மூச்சு சீரானது.

“ஒரு சந்தேகம். படங்கள்ல, கன்னத்துல கீறலே இல்லாத இடத்துலகூட லேசா நிழல் விழுதே, அது எப்படி?” என்று கேட்டார் அந்தம்மா.

கோபம் போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. தகடு முழுக்க மையைத் தடவி, துணியால் துடைத்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் துடைக்க வேண்டும். ஒரு கை கூடினால் முகம் வெளுத்துப் போகும், குறைந்தால் கரியாகிவிடும். அந்தப் பக்குவம் வராவிட்டால் ஓவியர் கீறியதெல்லாம் வெறும் கோடுதான் என்று விலாவாரியாக விளக்கினார்.

“எல்லாம் உங்க கைதானா?”

“இல்லைம்மா, நான் சக்கரத்துல நிப்பேன். துடைக்கிறதெல்லாம் இவதான்.”

அந்தம்மா பேனாவோடு மனைவி பக்கம் திரும்பி, “உங்க பேரு?” என்றார்.

அச்சுக்காரர் சிரித்துவிட்டார். “அவ பேரு எதுக்கும்மா?”

“ஓவியரும் இப்படித்தான் கேட்டிருப்பாரு,” என்றாள் மனைவி.