ஓட்டைக் கத்தரிக்காய்

மங்கையற்கரசி டீச்சரிடம் கத்தரிக்காய் விற்பதும் ஒன்று, பொலிசில் வாக்குமூலம் கொடுப்பதும் ஒன்று. காயைத் திருப்பிப் பார்ப்பார், காம்பைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு புழு ஓட்டையாவது கண்ணில் பட்டால்தான் முகத்தில் சிரிப்பு வரும்.

“புழு தின்னாத காயை மனிசன் தின்னக்கூடாது” என்பது அவருடைய சட்டம். மட்டக்களப்பில் சனிக்கிழமைதோறும் கூடும் நஞ்சில்லாச் சந்தைக்கு அவர்தான் தலைவி. ஆகவே சந்தைக்கும் அதுதான் சட்டம்.

சும்மா வந்த சட்டமில்லை அது. தோட்டங்களில் அடிக்கிற மருந்தெல்லாம் மாரி மழையோடு வாய்க்கால் வழியே வாவியில் இறங்கி, ஒரு வருடம் அவருடைய தம்பியின் வலையில் செத்த இறாலாக ஏறியது. அன்றைக்குப் பிடித்த கோபம் டீச்சருக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பேர்ப்பட்டவரின் காதில்தான் கீரை விற்கும் ஜெமீலா வந்து குசுகுசுத்தாள்.

“டீச்சர், நான் சொன்னெண்டு சொல்லிராதீங்க. நம்மட சரீப் காக்காட கத்தரிக்காயப் பாத்தீங்களா? ஓட்டையெல்லாம் ஒரே அளவா இரிக்கி. எந்தப் புழு அடிமட்டம் வச்சி அளந்து தின்னும்?”

டீச்சருக்குப் பகீரென்றது. ஜெமீலா அண்ணன் முறையில் காக்கா என்கிற அந்தச் சரீப்பின் கத்தரிக்காய்க்குத்தான் சந்தையில் முதல் கிராக்கி. ஊரெல்லாம் அதைப் புகழ்ந்து திரிந்ததும் அவரேதான்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும், சந்தைக்குக் காய் ஏற்றும் நேரம் பார்த்து, ஏறாவூரில் வாவி ஓரமாக இருக்கும் சரீப்பின் தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினார்.

கொட்டிலுக்குள் சரீப் குந்தியிருந்தான். மடியில் கத்தரிக்காய். கையில் சாக்குத் தைக்கிற ஊசி. பக்கத்தில் ஒரு கோப்பை தேயிலைச் சாயம். ஊசியைச் சாயத்தில் தோய்ப்பதும் காயில் குத்துவதுமாக ஆள் நல்ல மும்முரம். போட்ட கையோடு ஓட்டை பழைய ஓட்டையாகியும் விடுகிறது!

“அட பாவி!” என்றார் டீச்சர்.

சரீப் துள்ளி எழுந்தான். காய்கள் உருண்டன.

“மருந்தடிச்ச காயில ஓட்டை போட்டுத்தானா இவ்வளவு நாளும் எங்களுக்கு வித்தீங்க? நம்பித்தானே சனம் பிள்ளையளுக்குச் சமைச்சிக் குடுக்குது!”

“அல்லாவே, மருந்தில்ல டீச்சர்...”

“ஒண்டும் பேச வேணாம். இண்டையோட சந்தைப் பக்கம் வரக்கூடாது!”

சரீப்பின் முகம் கறுத்தது. அந்தச் சந்தைதான் அவன் வீட்டுச் சோறு. அது போனால் கடைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரன் கேட்கிற அளவுக்குக் காய் வேண்டுமென்றால், எப்போதோ தூக்கி எறிந்த மருந்துத் தாங்கியைத் திரும்பவும் முதுகில் மாட்ட வேண்டும்.

அப்போதுதான் டீச்சர் அதைக் கண்டார். சரீப் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிய பால்மா டின். அதன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

“ஓஹோ, மருந்து இதுக்குள்ளயா இரிக்கி?”

“அதத் திறக்காதீங்க டீச்சர்! சொன்னாக் கேளுங்க, பயந்திருவீங்க!”

கள்ளன் திறக்காதே என்றால் டீச்சர் விடுவாரா? துணியை உருவினார். மறுகணம் “ஐயோ!” என்று டின்னைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

டின்னுக்குள்ளிருந்து கொட்டியது அத்தனையும் புழு. வாடிய குருத்துகளோடு, கொழுகொழுவென்று, உயிரோடு நெளிந்தன. கொட்டிலுக்குப் பின்னால் நின்ற கோழிகள் ஓடிவந்து அடிபிடிப்பட்டு விழுங்கின.

“விடியச் சுபஹு தொழுதிட்டு வந்தா இதுதான் டீச்சர் என்ட வேலை” என்றான் சரீப். “ஒவ்வொரு செடியா வாடின குருத்தக் கிள்ளி, காய்க்குள்ள போக முதல் புழுவப் புடிச்சிருவன். மருந்தடிச்ச தோட்டத்தில இப்பிடிப் புழு கிடைக்குமா? அதத் திண்டுபோட்டு இந்தக் கோழியள் உயிரோட நிக்குமா?”

“அப்ப... ஓட்டை?”

சரீப் உருண்ட காய்களைப் பொறுக்கத் தொடங்கினான். “சந்தைக்கு வந்த முதல் கிழமை நான் ஓட்டையில்லாத காய்தானே கொண்டு வந்தன். மருந்தடிச்சதெண்டு தட்டோட திருப்பி அனுப்பினது நீங்கதானே டீச்சர்.”

டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கோழிகளைப் பார்த்தார், இன்னும் குத்தாமல் கிடந்த காய்களைப் பார்த்தார். சந்தையில் இந்நேரம் சனம் கூடியிருக்கும். கத்தரிக்காயில் ஓட்டை தேடச் சனத்துக்குப் பழக்கி வைத்தவரும் அவரேதான். ஒரு காலைப்பொழுதில் அதை மறக்கடிக்க முடியுமா? வெளியில் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டீச்சர் சரீப்பின் பக்கத்தில் குந்தினார்.

“இப்பிடி ஒரே அளவாக் குத்தினா ஆருக்கும் தெரியும்தானே, தம்பி? அந்த ஊசிய இங்க தாங்க!”