மாரிக்கனி என்று தேடியபோது

"அந்த மருமகன் பேரை மட்டும் என் வாயால சொல்லச் சொல்லாத தாயி. எம் மக பேரு மாரிக்கனி. அதை வச்சுத் தேடு."

சோலையம்மாள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். திருச்சுழியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்தவள். பாளையம்பட்டியில் இருக்கும் இந்த அச்சகத்தில்தான் தொண்ணூற்றேழு ஆவணியில் அவள் மகளின் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். ரெண்டு வருஷம் ஓடிவிட்டது.

"வீட்ல ஒரு பத்திரிகைகூட மிச்சம் இல்லையாம்மா?" என்று கேட்டாள் யுவராணி. அச்சகத்தின் ஒரே கம்ப்யூட்டர் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

"இருந்த ஒண்ணையும் போட்டோவையும் சேத்துல்ல தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப எந்த ஊர்லயோ வேற பொண்ணு பாத்திருக்கானாம். கேட்டா, எனக்குக் கல்யாணமே ஆகலங்கான். எங்க ஆளுக சாட்சி சொன்னா, சொந்தக்காரங்க அப்படித்தான் சொல்வாகங்கான். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷன்ல விசாரணை. எழுத்துல ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்கன்னுட்டாக."

முதலாளி பொன்னுச்சாமி தாள் கட்டைப் பிரித்தபடியே சிரித்தார். "அது கோகுல் வேலை பாத்த காலம்ல? அவன் ஃபைலுக்கு வச்ச பேரெல்லாம் 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'கடைசி', 'கடைசியோ கடைசி'. அவனையே கூப்பிட்டு விட்டாலும் கண்டுபிடிக்க மாட்டான். அடுத்த மாசம் இவளும் வேலையை விட்டுப் போறா. அப்புறம் இந்தக் காட்டுல யாரு தேடுறது?"

அதற்காகத்தான் யுவராணி அந்தச் சின்ன புரோகிராமை எழுதியிருந்தாள். அருப்புக்கோட்டையில் மாலை வகுப்புக்குப் போய் வந்து, நாற்பது பக்க நோட்டில் படிப்படியாகக் குறித்து வைத்து, மூன்று வாரத்தில் முடித்தது. மொத்தம் இருபத்தாறு வரி. பெயரைக் கேட்கும். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து உள்ளே அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஃபைல் கிடக்கும் ஃபோல்டரைத் தானே திறந்து, அதை மட்டும் நீலமாக்கிக் காட்டும்.

காட்ட வேண்டியதை அழித்துவிட்டால்? அந்தப் பயம் அவளை விடவில்லை. இருபத்தாறு வரியில் எங்கேயும் அழிக்கும் கட்டளை இல்லை என்று நேற்றே மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

"அண்ணே, இதுவரைக்கும் சோதனைக்குத்தான் ஓட்டிப் பாத்திருக்கேன். நெசத்துக்கு இதான் மொதத் தடவை."

"நீ டீ போட்டாலும் சோதனைன்னுதான் சொல்லுவ. தட்டும்மா."

மாரிக்கனி என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தட்டினாள். பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். இரண்டு நிமிடம் கழித்து ஒரே வரி வந்தது: அப்படி எதுவும் இல்லை.

"இல்லையா தாயி?" சோலையம்மாள் எழுந்தே விட்டாள்.

யுவராணிக்குக் காது சுட்டது. நோட்டை எடுத்து முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. திரையில் தமிழாகத் தெரிவது, ஃபைலுக்குள் வேறு மாதிரி அல்லவா கிடக்கும்! தமிழில் அடிக்கும்போது கீபோர்டில் எந்தெந்தக் கட்டையைத் தட்டுகிறோமோ, அந்தக் கட்டைகளின் ஆங்கில எழுத்துதான் உள்ளே பதிந்திருக்கும்.

தமிழுக்குத் தட்டுகிற அதே கட்டைகளை வரிசையாகத் தட்டினாள்.

"என்ன தாயி, கோழி கிளறுன மாதிரி இருக்கு?"

"இதாம்மா உங்க மக பேரு. கம்ப்யூட்டரு இப்படித்தான் எழுதி வச்சிருக்கும்."

மறுபடி கரகர. திடீரென்று திரையில் ஒரு ஃபோல்டர் தானாக விரிந்தது. நாற்பது ஃபைலுக்கு நடுவில் ஒன்று மட்டும் நீலமாக நின்றது. 'கடைசியோ கடைசி மூணு'.

பொன்னுச்சாமி எட்டிப் பார்த்தார். "அட கூறுகெட்ட பயலே! கோயில் கொடை நோட்டீஸுக்குள்ள கல்யாணத்தைச் சொருகி வச்சிருக்கான்."

யுவராணி ஃபைலைத் திறந்தாள். பத்திரிகை மேலிருந்து கீழாக மெல்ல வந்தது. மணமகள் மாரிக்கனி. மணமகன் பால்பாண்டி, கோவில்பட்டி. அப்பா பெயர், பெரியப்பா பெயர், மாமன்மார் பெயர்கள். அவள் மவுஸை விட்டுக் கையை எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அதுதானா தாயி?"

"அதேதாம்மா." குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. "மாப்பிள்ளை வீட்டு ஆளுக பேரு பூராம் இருக்கு. இனி இல்லன்னு சொல்ல முடியாது."

சோலையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகை முடிந்ததும் சிரித்தாள். "ஒரு பொண்ணு வாழ்க்கையக் காப்பாத்திட்ட ஆத்தா. நீ நல்லா இருப்ப."

பிரிண்டர் மூன்று தாளைத் தள்ளியது. பொன்னுச்சாமி ஒவ்வொன்றிலும் அச்சகத்து முத்திரையைக் குத்தினார். இரண்டை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு சோலையம்மாள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

"ஒண்ணு ஸ்டேஷனுக்கு, ஒண்ணு அந்தம்மாவுக்கு. மூணாவது எதுக்கும்மா?"

யுவராணி அந்தத் தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"எங்க அப்பாகிட்டக் காட்டண்ணே. அடுத்த மாசம் நான் வேலையை விடல. இந்தப் பால்பாண்டிக்குத்தான் என்னையப் பேசி முடிச்சிருந்தாக."